கம்பனியின் கணக்கேடுகளும் கனடாவின் வடபுலக் காடும்

கி.பி. 1670 ஆம் ஆண்டு மே மாதம் 2 ஆந் திகதி இங்கிலாந்து மன்னன் இரண்டாஞ் சாள்ஸ், தன் உறவினனாகிய இளவரசன் ரூபேட்டுக்கும் அவனைச் சேர்ந்த செல்வர் சிலருக்கும் ஒரு பட்டயம் வழங்கினான். ஹட்சன் விரிகுடாவில் வந்து விழும் ஆறுகள் யாவும் எந்நிலத்து நீரைக் கொண்டுவருகின்றனவோ, அந்நிலம் முழுவதும் அவர்தங் கம்பனிக்கு உரியதென அப்பட்டயங் கூறிற்று. அந்நிலத்தின் எல்லையை அன்று மன்னனும் அறியான், கம்பனியாரும் அறியார். பிற்காலத்தார் அளந்து பார்த்தபோது அஃது ஏறத்தாழ 39 இலட்சம் சதுர கிலோமீற்றர் எனக் கண்டனர். ஆங்குத் தலைமுறை தலைமுறையாக வாழ்ந்துவந்த கிறீ முதலிய மக்களை எவருங் கேட்டாரல்லர். இத்துணைப் பெரிய நிலத்தை அவர் நாடியது பொன்னுக்காகவோ வாசனைத் திரவியங்களுக்காகவோ அன்று. நீரில் வாழுங் கொறிவிலங்கு ஒன்றின் தோலுக்காகவேயாம்.

கம்பனி வணிகர் கணக்கு எழுதுவதில் வல்லவர். எந்தக் கோட்டையில் எந்த ஆண்டு எத்தனை தோல் கொள்ளப்பட்டது, எத்தனை கம்பளம் கொடுக்கப்பட்டது, ஆற்றிற் பனிக்கட்டி எந்நாள் உடைந்தது, எவர் பசியோடு வாயிலில் வந்து நின்றார் என்பனவெல்லாம் பேரேடுகளிலும் நாளேடுகளிலும் பதியப்பட்டன. இலாப நட்டம் அறிவதற்காக எழுதப்பட்ட அவ்வேடுகளே, எழுதினோர் கனவிலுங் கருதாத வகையில், ஒரு பெருங்காட்டின் வரலாற்றுக்கு மூலமாயின. காட்டை வெறுமையாக்கிய கையே அக்காட்டின் கணக்கையும் எழுதிவைத்தது என்பது வரலாற்றின் விசித்திரங்களுள் ஒன்று. எனினும், அவ்வேடுகள் கூறுவது எவ்வளவு, கூறாது விடுத்தது எவ்வளவு என்பதை ஆராயாது அவற்றை அப்படியே நம்புதல் பொருந்தாது.

வடவமெரிக்காவின் வடபால் அலாஸ்கா தொடக்கம் அத்திலாந்திக் கரைவரை ஒரு பெரும் பட்டையாக ஊசியிலைக் காடு பரந்து கிடக்கின்றது. ஸ்கந்திநேவியாவிலும் சைபீரியாவிலுந் தொடரும் இக்காட்டைப் புவியியலார் தைக்கா எனவும் வழங்குவர். ஸ்புறூஸ், பைன், பேர் என்னும் ஊசியிலை மரங்களே ஆங்கு மிகுதி. அவற்றிடையே, தீப்பட்ட நிலத்திலும் நீர்க்கரையிலும் அஸ்பென், பேர்ச், வில்லோ முதலிய அகன்ற இலை மரங்கள் தோன்றும். மாரி நீண்டது, கோடை குறுகியது. மரங்களின் எண்ணிக்கையை நோக்கின் ஊசியிலை மரங்களே காட்டை ஆள்வன போலத் தோன்றும். ஆயின் அக்காட்டின் விலங்குகள் பலவற்றின் வாழ்வு, சிறுபான்மையாகிய அகன்ற இலை மரங்களிலும் அவற்றைத் தின்னும் ஓரிரு விலங்குகளிலுமே பெரிதுந் தங்கியுள்ளது.

அவ்விலங்குகளுள் முதலாவது பீவர். இதனை நீர்நாய் எனக் கொள்வாருமுளர், அது தவறு. நீர்நாய் மீன் தின்னும் ஊனுண்ணி; பீவரோ மரப்பட்டையும் தளிரும் நீர்த்தாவரமுந் தின்னுங் கொறிவிலங்கு. வளர்ந்த பீவர் 16 முதல் 30 கிலோகிராம் வரை நிறையுடையது. தட்டையான செதில் வாலும், விரலிடைத் தோல் கொண்ட பின்னங்கால்களும், இரும்புச் சத்துச் சேர்ந்தமையாற் செம்மஞ்சள் நிறம் பெற்ற வெட்டும் பற்களும் அதற்குண்டு. அப்பற்கள் வாழ்நாள் முழுவதும் வளர்ந்துகொண்டேயிருக்கும். அவற்றால் அஸ்பென் மரத்தை அடியில் அரிந்து வீழ்த்தி, கிளைகளைத் துண்டாக்கி இழுத்துச் சென்று, சேற்றையுங் கல்லையுஞ் சேர்த்து ஓடைக்குக் குறுக்கே அணை கட்டும். அணைக்குப் பின்னே தேங்கிய நீரின் நடுவே வீடு கட்டும். அவ்வீட்டின் வாயில் நீருக்குள்ளே இருக்கும். மாரியில் நீரின் மேற்பரப்பு உறைந்த பின்னரும், முன்னரே நீரடியிற் சேமித்து வைத்த கிளைகளைத் தின்று குடும்பம் முழுவதும் அவ்வீட்டில் வாழும். அணை இல்லையேல் நீர் ஆழமாகாது. நீர் ஆழமாகாவிடின் அடிவரை உறைந்துவிடும். உறைந்தால் வாயிலும் உணவும் அடைபடும். ஆகவே அணை அதற்கு விளையாட்டன்று; உயிர்நிலை.

அதன் அணையால் மற்றை உயிர்கள் பெறும் பயன் பெரிது. ஓடிய நீர் குளமாகின்றது. வண்டல் படிகின்றது. தவளையும் வாத்தும் மீனும் வந்து சேர்கின்றன. நீரில் நின்று பட்டுப்போன மரங்களின் பொந்துகளிற் பறவைகள் முட்டையிடுகின்றன. மூஸ் என்னும் பெருமான் நீர்த்தாவரந் தின்ன வருகின்றது. சூழவுள்ள அஸ்பென் தீர்ந்ததும் பீவர் வேறிடம் பெயரும். பேணுவாரற்ற அணை உடையும். குளமிருந்த இடத்தில் வளமான புல்வெளி எஞ்சும். வெட்டுண்ட அஸ்பென்னோ வேரிலிருந்து மீண்டுந் தளிர்க்கும் இயல்பினது. எனவே மரம், விலங்கு, நீர் என்னும் மூன்றும் ஒன்றையொன்று மாற்றிக்கொண்டு பல ஆண்டுகளிற் சுழன்று வருகின்றன.

இத்தகைய விலங்கு ஐரோப்பியருக்குத் தொப்பியாகத் தோன்றியது. பீவரின் நீண்ட வெளிமயிருக்கு அடியில் மென்மையான உள்மயிர் அடர்ந்திருக்கும். அதன் இழைகளில் நுண்ணிய கொக்கிகள் உள. நெய்யாமலே, ஈரமுஞ் சூடும் அழுத்தமுங் கொண்டு அவ்விழைகளை ஒன்றோடொன்று பின்னித் திரளச் செய்யலாம். அவ்வாறு செய்த தொப்பி மழையிற் குலையாது, நெடுங்காலம் உழைக்கும். ஐரோப்பாவுக்குரிய பீவர் இனம் ஒன்றிருந்தது. ஆனால் நூற்றாண்டுகளாக வேட்டையாடப்பட்டு, 17 ஆம் நூற்றாண்டில் மேற்கு ஐரோப்பாவின் பெரும்பாகத்தில் அஃது அற்றுப்போயிற்று. தொப்பி வழக்கமோ பெருகிற்று. வடவமெரிக்கக் காட்டை நோக்கி வணிகர் திரும்பியதன் காரணம் இதுவே.

முதலிற் சென்றவர் பிரெஞ்சுக்காரர். றடிசன், குறோசெலியே என்னும் இரு பிரெஞ்சு வணிகர், ஹட்சன் விரிகுடா வழியாகச் சென்றாற் சிறந்த தோல் விளையும் உள்நாட்டை எளிதில் எட்டலாமெனக் கண்டனர். தம் நாட்டார் ஆதரவு கிட்டாமையால் இங்கிலாந்தை அடைந்தனர். 1668 இல் நொன்சச் என்னுஞ் சிறு கப்பல் இலண்டனிலிருந்து புறப்பட்டு, ஜேம்ஸ் குடாவில் மாரியைக் கழித்து, அடுத்த ஆண்டு தோல்களோடு மீண்டது. அதன் பயனே 1670 ஆம் ஆண்டுப் பட்டயம். கம்பனியார் ஆற்று முகங்களிற் கோட்டைகளை அமைத்துத் தாம் கரையில் இருந்தனர்; தோலைக் கொணர்வோர் உள்நாட்டு மக்கள்.

அவ்வணிகத்தில் நாணயம் வழங்கவில்லை. நன்கு பதப்பட்ட ஒரு பீவர்த் தோலே அளவுகோலாயிற்று. கம்பளமும் கெண்டியும் கோடரியும் மட்டுமன்றி, நரித்தோலும் லிங்சுத் தோலுங்கூட ‘இத்தனை பீவர்’ என்றே மதிக்கப்பட்டன. ஒரு துவக்குக்கு அதன் நீளத்துக்கேற்பப் பத்து, பன்னிரண்டு தோல் கொடுக்கவேண்டியிருந்தது. 19 ஆம் நூற்றாண்டில் இவ்வளவைக் குறிக்கப் பித்தளை வில்லைகளும் அடிக்கப்பட்டன. இன்னுமொரு புதுமை உண்டு. புதுத் தோலிலும் பழந்தோலுக்கே தொடக்கத்தில் விலை அதிகம்! கிறீ மக்கள் ஓரிரு மாரி உடுத்துக் கழித்த தோலாடையிலே, வெளிமயிர் உதிர்ந்து, உடலின் நெய்ப்பு ஊறி, உள்மயிர் தொப்பிக்கு ஏற்றதாய்ப் பதப்பட்டிருக்கும். தாம் உடுத்துக் கழித்த ஆடையை வாங்கிக்கொண்டு கோடரி தரும் அந்நியரை அம்மக்கள் எவ்வாறு கருதியிருப்பர் என்பதை ஊகித்துக்கொள்ளலாம்.

கம்பனியின் ஊழியருள் கண்ணுங் கருத்துமாய்க் காட்டை நோக்கியோர் மிகச் சிலர். அவருள் தலைசிறந்தவர் சாமுவேல் ஹேர்ண். இவர் 1770 முதல் 1772 வரை மட்டோனபி என்னும் சிப்பவயன் தலைவனின் துணையோடு கொப்பமைன் ஆற்றின் முகத்துக்குச் சென்று மீண்டவர். அக்காலத்தில் ஐரோப்பிய நூலாசிரியர் பீவரைப் பற்றிப் புனைகதைகளை எழுதிவந்தனர். பீவர்கள் கொத்தரும் தச்சருமாய்ப் பிரிந்து வேலை செய்யுமென்றும், சோம்பியிருப்பனவற்றை மேற்பார்வையாளர் தண்டிப்பரென்றும், வாலைச் சாந்துக்கரண்டியாகக் கொண்டு சுவர் பூசுமென்றும் அவர் கூறினர். 1795 இல் வெளிவந்த தம் பயண நூலிலே ஹேர்ண் இவற்றை நகைத்து ஒதுக்கினார். அவ்வாறு ஒதுக்க அவருக்குத் தகுதியிருந்தது. அவர் தம் மனையிலே பீவர்களை வளர்த்தவர். அவை பெயர் சொல்லி அழைத்தால் வந்தன; நாய் போற் பின்தொடர்ந்தன; மாரியில் வீட்டுப் பெண்கள் உண்ட உணவையே தாமும் உண்டன; அரிசிச் சோற்றில் அவற்றுக்குப் பெருவிருப்பம் இருந்ததாம். உறைபனி சூழ்ந்த அக்கரையில் பீவருக்கு அரிசி கிடைத்த செய்தியை நெல்விளையும் நாட்டார் படிக்கும்போது வியப்படையாதிரார்.

நிற்க, கணக்கேடுகளுக்கு வருவோம். 18 ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதியில் ஐரோப்பாவிலே தோலின் விலை ஏறிற்று. பிரெஞ்சு வணிகரின் போட்டியும் மிகுந்தது. கோட்டைகளிலே கொடுக்கப்பட்ட விலையும் அதற்கேற்ப உயர்ந்தது. யோர்க், அல்பனி, சேர்ச்சில் என்னும் கோட்டைகளின் ஏடுகளை அண்மைக் காலத்தில் ஆராய்ந்த பொருளியல் வரலாற்றாசிரியர், அவ்விலையேற்றத்தின் பின்னர்ப் பீவர்த் தொகை அருகத் தொடங்கியதென்பர். 1784 இற் பதினான்கு வயதுச் சிறுவனாய்க் கம்பனியிற் சேர்ந்து, பின்னர்ப் பெரும் நில அளவையாளராய்ப் புகழ் பெற்ற டேவிட் தொம்சன், நூற்றாண்டின் இறுதியில் நிகழ்ந்த அழிவைத் தம் கண்ணாற் கண்டு எழுதினார். இரும்புப் பொறியும், அப்பொறியிலே தடவும் மணப்பொருளும் சேர்ந்தபோது பீவருக்குத் தப்பும் வழி இல்லாமற் போயிற்று. அம்மணப்பொருள் பீவரின் வாலடிச் சுரப்பியிலிருந்தே எடுக்கப்படுவது. தன் இனத்தின் மணத்தை நாடி வந்தே அது பொறியில் அகப்பட்டது.

1821 இல் ஹட்சன் விரிகுடாக் கம்பனியும் அதற்குப் போட்டியாய் மொன்றியலிலிருந்து இயங்கிய வடமேற்குக் கம்பனியும் ஒன்றாயின. போட்டி ஒழிந்ததும் ஆளுநர் ஜோர்ஜ் சிம்சன் மாவட்டந்தோறுங் கொள்ளத்தக்க பீவர்த் தோலுக்கு வரையறை வகுத்தார். இதனைக் கொண்டு அவரைக் காட்டின் காவலர் எனப் புகழ்வாருமுளர். அப்புகழ் அவருக்குப் பொருந்துமா என்பது ஐயம். அதே காலத்தில், மேற்கு மலைகளுக்கு அப்பால் ஸ்நேக் ஆற்று நாட்டிலே, அமெரிக்க வணிகர் உள்நுழையாதபடி பீவர்களை ஒன்றுவிடாது பிடித்து நிலத்தைப் பாழாக்குக எனக் கட்டளையிட்டவரும் அவரே. போட்டியில்லாத இடத்திற் காத்தலும் போட்டியுள்ள இடத்தில் அழித்தலும் ஒரே கணக்கின் இரு பக்கங்களாயிருந்தன. 1830-களின் பின் பட்டுத் தொப்பி நாகரிகமாகி, பீவர்த் தோலின் விலை வீழ்ந்தமையே சிம்சனின் வரையறைகளிலும் பார்க்கப் பீவருக்கு உதவியிருக்கலாம்.

ஈண்டு ஓர் எச்சரிக்கை வேண்டும். ஏட்டில் உள்ளது தோலின் தொகையேயன்றி விலங்கின் தொகையன்று. 1782, 1783 ஆகிய ஆண்டுகளிற் சில கோட்டைகளின் வரவு வீழ்ந்தது. தோலின் தொகை குறைந்தமையால் விலங்கு குறைந்ததெனச் சிலர் முடிவு செய்யக்கூடும். உண்மையில் நிகழ்ந்தது வேறு. 1781 இலும் 1782 இலும் பெரியம்மை அந்நாட்டு மக்களிடையே பரவிற்று. சிப்பவயன் மக்களிற் பத்தில் ஒன்பது பங்கினர் மாண்டனரென ஹேர்ண் எழுதியுள்ளார். அத்தொகை மிகைப்பட்டதாயினும் அழிவு கொடியதென்பதில் ஐயமில்லை. 1782 ஆம் ஆண்டு ஆகத்து மாதத்திலோ பிரெஞ்சுக் கடற்படைத் தலைவர் லாப்பெறூஸ் மூன்று கப்பல்களோடு வந்து, ஹேர்ண் காத்திருந்த கோட்டையையும் யோர்க் கோட்டையையுங் கைப்பற்றி அழித்தார். வேட்டையாட மனிதர் இல்லை. கொள்ளக் கோட்டை இல்லை. தோல் எவ்வாறு வரும்? அவ்வாண்டுகளிற் காட்டிலே பீவர் பெருகியிருத்தலுங்கூடும். ஏட்டிலுள்ள ஒரு சிறிய எண்ணுக்குப் பின்னே எண்ணற்ற மனிதப் பிணங்கள் கிடக்கக்கூடும் என்பதை வரலாற்று மாணவர் மறத்தலாகாது.

இவ்வெச்சரிக்கையை மனத்திற்கொண்டு ஏட்டைப் படித்துப் பெரும்பயன் கண்டவர் ஒக்ஸ்போர்ட்டு உயிரியலாளர் சாள்ஸ் எல்ற்றன். 1920-களில் அவர் கம்பனிக்கு ஆலோசகராயிருந்தார். பீவரை விடுத்து லிங்சு என்னும் காட்டுப்பூனையின் தோற்கணக்கை அவர் ஆராய்ந்தார். லிங்சின் முதன்மையான இரை, கோடையிற் கபிலமாயும் மாரியில் வெண்மையாயும் நிறம் மாறும் பனிமுயல். முயல் மிகுந்த சில ஆண்டுகளின் பின் லிங்சு மிகும். முயல் மறைந்ததும் லிங்சும் மறையும். வேட்டைக்காரர் இதனை முன்னரே அறிவர். ஆயினும் ஒரு நூற்றாண்டுக்கு மேற்பட்ட எண்களைக் கோத்துக் காட்ட ஏடு வேண்டியிருந்தது. மேரி நிக்கொல்சன் என்பாரோடு சேர்ந்து 1942 இல் எல்ற்றன் வெளியிட்ட கட்டுரையில் மக்கென்சி ஆற்று மாவட்டத்தின் எண்கள் 1821 முதல் 1934 வரை தரப்பட்டுள்ளன. 1828 ஆம் ஆண்டுக்கு 5,943 தோல். நான்கே ஆண்டின் பின், 1832 ஆம் ஆண்டுக்கு 98 தோல். ஒன்பது, பத்து ஆண்டுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அவ்வலை, நூறாண்டுக்கு மேலாகத் தவறாது வந்துகொண்டிருந்தது. இவ்வெண்களைத் திரட்டுதல் எளிதாயிருக்கவில்லை. பழைய எழுத்தர் லிங்சைப் ‘பூனை’ என்றே எழுதினர். முயலையும் அதன் இனம் நோக்காது வழக்குப் பெயராலேயே குறித்தனர். ஏட்டுச் சொல் எவ்விலங்கைக் குறித்ததென முதலில் தெளிதல் வேண்டியிருந்தது. சங்க நூல்களின் மரப்பெயர் பூப்பெயர்களோடு பொருதும் புலவருக்கு இவ்விடர்ப்பாடு புதிதன்று.

அலையின் காரணம் யாது? பூனை முயலைத் தின்று தீர்த்ததோ, முயல் உணவைத் தின்று தீர்த்ததோ? இதற்கு ஏடு விடை தராது, காட்டிடமே கேட்கவேண்டும். 1986 முதல் பத்தாண்டுகள் யூக்கொன் பிரதேசத்துக் குளுவானி ஏரியருகே சாள்ஸ் கிறெப்சும் துணைவரும் ஒரு சதுர கிலோமீற்றர்ப் பரப்புகளை வரைந்து சோதித்தனர். ஓரிடத்தில் முயலுக்கு மேலதிக உணவிட்டனர். ஓரிடத்திற் கொன்றுண்ணும் விலங்குகள் புகாதபடி மின்வேலியிட்டனர். ஓரிடத்தில் இரண்டையுஞ் செய்தனர். வேலியிட்ட இடத்தில் முயல் இரு மடங்காயிற்று. உணவிட்ட இடத்தில் மும்மடங்காயிற்று. இரண்டுஞ் செய்த இடத்திலோ பதினொரு மடங்காயிற்று. இரு காரணமுந் தனித்தனி இயங்காது, கைகோத்து இயங்குகின்றன என்பது இதனாற் பெறப்பட்டது. முயல் பெருகிய மாரியில் வில்லோ, பேர்ச் முதலியவற்றின் இளங்கிளைகள் பெரிதும் மொட்டையடிக்கப்படும். பின்னர்த் துளிர்ப்பனவற்றிற் சில கைப்புப் பிசினைச் சுரந்து தம்மைக் காத்துக்கொள்ளும். முயல் வீழும்போது லிங்சொடு கொம்பாந்தையுங் கொயோட்டியும் பசியால் வாடும்.

பீவரின் செயலை எண்ணாலன்றி அளவுகோலால் முதலில் அளந்தவர் அமெரிக்க வழக்கறிஞர் லூயிஸ் ஹென்றி மோர்கன். சுப்பீரியர் ஏரியின் தென்கரையிலே புகையிரதப் பாதை அமைத்த கம்பனியொன்றில் அவருக்குப் பங்கிருந்தது. அப்பாதை பீவர் அணைகள் நிறைந்த காட்டினூடே சென்றது. அவர் ஆண்டுதோறுஞ் சென்று அணைகளின் நீளம் உயரங்களை அளந்து, படம் வரைந்து, 1868 இல் அமெரிக்கப் பீவரையும் அதன் வேலைப்பாடுகளையும் பற்றி ஒரு நூல் வெளியிட்டார். இவர் பெயர் தமிழருக்கு வேறொரு வகையாலும் அறியத்தக்கது. அதே ஏரிக்கரையில் ஒஜிப்வா மக்களின் உறவுமுறைப் பெயர்களைக் கேட்டறிந்த மோர்கன், பின்னர் ஸ்கடர் குடும்பத்துப் பாதிரியார் வாயிலாகத் தமிழ் உறவுமுறைப் பெயர்களைப் பெற்று, இரண்டும் ஒரே அமைப்பின எனக் கண்டு வியந்தார். தந்தையின் உடன்பிறந்தானையுந் தந்தையென வழங்குதலும், அவன் மக்களை உடன்பிறந்தார் எனக் கொள்ளுதலும் இரு மக்களுக்கும் பொதுவாயிருந்தன. 1871 இல் வெளிவந்த அவரது உறவுமுறை நூலில் தமிழ் பெரியதோர் இடம் பெற்றமைக்கு இதுவே காரணம். ஸ்கடர் குடும்பத்தின் முன்னோராகிய டொக்டர் ஜோன் ஸ்கடர், யாழ்ப்பாணத்துப் பண்டத்தரிப்பில் மருத்துவப் பணி செய்தவர் என்பதும் நினைவிற் கொள்ளத்தக்கது. எனினும் ஒஜிப்வாரும் தமிழரும் ஒரு குலத்தினரென மோர்கன் இதிலிருந்து கொண்ட முடிபை இன்று எவரும் ஏற்பதில்லை. பீவர் நூலோ இன்றும் மதிக்கப்படுகின்றது.

20 ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் வடபுலக் காட்டின் பல பாகங்களிற் பீவர் அருகிவிட்டது. அணைகள் உடைந்தன, குளங்கள் வடிந்தன, புல்வெளிகளை மரம் மூடிற்று. இம்மாற்றத்தைக் கண்டு எழுதினார் மிகச் சிலரே. மெல்ல மெல்லப் பல்லாண்டுகளில் நிகழ்ந்தமையால் அது மாற்றமாகவே தோன்றவில்லை. குளமில்லாத காட்டிற் பிறந்த தலைமுறை அதனையே இயற்கையெனக் கொண்டது. பீவர் மீண்ட பின்னரே, இழந்தது எவ்வளவு என்பது தெரிந்தது. மினசோட்டாவின் வட எல்லையிலுள்ள கபெற்றோகாமா தீபகற்பத்தில் 1940 முதல் 1986 வரை எடுக்கப்பட்ட விமானப் படங்களை ஆராய்ந்தபோது, பீவர் அணையால் நீர் தேங்கிய நிலம் நூற்றுக்கு ஒன்றாயிருந்து பதின்மூன்றாக உயர்ந்தமை காணப்பட்டது. அல்பேட்டாவின் எல்க் தீவுப் பூங்காவிலே, 19 ஆம் நூற்றாண்டில் அற்றுப்போன பீவர் 1941 இல் மீண்டும் விடப்பட்டது. அங்கு ஐம்பது ஆண்டுக்கு மேற்பட்ட படங்களை ஒப்புநோக்கியோர், ஒரே இடங்களிற் பீவர் இல்லாதிருந்த காலத்திலும் பீவர் உள்ள காலத்தில் நீர்ப்பரப்பு ஒன்பது மடங்கு என்றனர்.

இத்தகைய உயிருக்கு ஒரு பெயர் 1969 இற் கிடைத்தது. கொத்தர் கல்லால் வளைவு அமைக்கும்போது, இருபுறத்துக் கற்களுஞ் சாய்ந்து சந்திக்கும் உச்சியில் ஒரு கல்லை இறுக்குவர். அளவிற் சிறிதாயினும் அக்கல் கழன்றால் வளைவு சரியும். அமெரிக்க உயிரியலாளர் றொபேட் பெயின், கடற்கரைப் பாறையொன்றிலிருந்து உடுமீன்களை அகற்றியபோது மற்றை உயிரினங்கள் பலவும் மறையக் கண்டு, அத்தகைய உயிரை உச்சிக்கல்லோடு உவமித்தார். பீவருக்கு இவ்வுவமை நன்கு பொருந்தும். பனிமுயலையும் இப்பெயரால் வழங்குவாருளர். ஆயின் பெயின் கருதியது தொகையிற் சிறிதாயிருந்தும் விளைவிற் பெரிதாயிருக்கும் உயிரையே. தொகையாலேயே காட்டைத் தாங்கும் முயலை உச்சிக்கல் என்பதிலும் அத்திவாரம் என்பதே பொருத்தமாகும்.

மீட்சி எவ்வாறு தொடங்கிற்று என்பதும் நோக்கற்பாலது. ஜேம்ஸ் குடாவின் கரையிலுள்ள ரூபேட் ஹவுஸ் என்னும் வணிக நிலையத்தில், 1920-களின் இறுதியிற் கிறீ மக்கள் பட்டினியால் வாடினர். நிலைய அதிகாரி ஜேம்ஸ் வாட், பீவரைக் கொன்று தோல் கொணர்வதற்குப் பதிலாக உயிரோடு விட்டு அதன் வீட்டைக் காட்டும் வேட்டைக்காரருக்குப் பணங் கொடுத்தார். அவர் மனைவி மோட் வாட், அப்பகுதியைக் காப்பிடமாக்கும் உரிமை கேட்டு நெடுந்தூரம் பனியினூடே பயணஞ் செய்து கியூபெக் அரசினரை அணுகினார். 1932 இல் அனுமதி கிடைத்தது. பத்தாண்டளவிற் பீவர் பெருகிற்று. அளவோடு பிடிக்கவும் இடமளிக்கப்பட்டது. வாட் தம்பதியர் புகழ் பெற்றனர், அது தகும். ஆனாற் பசியிலும் பீவரைக் கொல்லாது விட்டவரும், வேட்டை நிலந்தோறும் வீடுகளை எண்ணிக் கணக்குக் கொடுத்தவரும் கிறீ வேட்டைக்காரரே. எந்நிலம் எக்குடும்பத்தது, எவ்வாண்டு எதனை ஓய்வாக விடவேண்டும் என்னும் அறிவு அவரிடம் இருந்தது. இந்நிலவுரிமை முறை ஐரோப்பியர் வருகைக்கு முந்தியதா, அன்றித் தோல் வணிகத்தின் விளைவா என மானிடவியலார் நெடுங்காலம் வாதிட்டுள்ளனர். முந்தியதென்பது பிராங்க் ஸ்பெக்கின் கொள்கை. பிந்தியதென்பது 1954 இல் எலினோர் லீக்கொக் நிறுவ முயன்றது. வழக்கு முற்றாகத் தீரவில்லை. அமிஸ்க் எனத் தம் மொழியிற் பீவரை வழங்கும் அம்மக்கள் இருநூற்றைம்பது ஆண்டுகளாகக் கோட்டை வாயிலில் நின்று கணக்குக் கொடுத்தும், ஏட்டில் அவர் பெரும்பாலும் கொண்டுவந்த தோலின் எண்ணாகவே நிற்கின்றனர்.

அதே ஆண்டுகளில் ‘சாம்பல் ஆந்தை’ என்னும் பெயருடைய ஒருவர் பீவர்க் குட்டிகளை வளர்த்து, நூல்களாலும் விரிவுரைகளாலும் கனடாவிலும் இங்கிலாந்திலும் மக்கள் மனத்தை உருக்கினார். பழங்குடி மரபினரெனத் தம்மைக் காட்டிக்கொண்ட அவர், இங்கிலாந்தின் ஹேஸ்ரிங்ஸ் நகரிற் பிறந்த ஆச்சிபோல்ட் பெலேனி என்பது 1938 இல் அவர் இறந்த பின் வெளியாயிற்று. பொறிவைக்குந் தொழிலை அவர் கைவிட்டதற்குக் காரணமானவர் அவருடைய மொஹோக் மனைவி அனாஹரியோ. தாயை இழந்த இரு குட்டிகளைக் கொல்லாது விடும்படி அவ்வம்மையார் கேட்டதே தொடக்கம். வேடம் பொய்யாயினும் பீவருக்காக அவர் செய்த பணி பொய்யன்று.

ஐரோப்பாவின் வடபுலத்திற் காப்பு இன்னுங் காலந்தாழ்த்தி வந்தது. சுவீடன் 1873 இற் பீவரைச் சட்டத்தாற் காத்தது. அப்போது காப்பதற்கு அந்நாட்டில் ஒரு பீவரும் எஞ்சியிருக்கவில்லை. 1922 இல் நோர்வேயிலிருந்து கொணர்ந்தே மீண்டும் விட்டனர். பின்லாந்து 1937 இல் வடவமெரிக்கப் பீவரையுங் கொணர்ந்தது. அது வேறினம் என்பது அன்று தெளிவாயிருக்கவில்லை. 1946 இல் ஆசென்ரீனா, தோல் வணிகத்தைக் கருதி, தென்னமெரிக்காவின் கடைமுனையிலுள்ள தீவிற் சில பீவர்களை விட்டது. அவற்றை அஞ்சி வாழச் செய்யும் ஓநாயோ கரடியோ அங்கில்லை. அத்தீவின் மரங்களோ அஸ்பென் போல வேரிலிருந்து தளிர்ப்பன அல்ல. நீரில் நின்ற காடுகள் பட்டுப்போயின. வடக்கே வளைவைத் தாங்கிய கல் தெற்கே வளைவை இடித்தது.

கனடாவோ 1975 இற் பீவரைச் சட்டப்படி தன் நாட்டுச் சின்னமாக்கியது. கம்பனி தன் நிலவுரிமையை 1870 இலேயே அந்நாட்டுக்கு ஒப்புவித்துவிட்டது. அதன் பின் நகரங்களிற் கடை வைத்து வாழ்ந்தது. 2025 ஆம் ஆண்டு அக்கடைகளும் யாவும் மூடப்பட்டன. ஏடுகள் அதற்கு முன்னரே கைமாறிவிட்டன. 1974 இல் இலண்டனிலிருந்து வின்னிப்பெக் நகருக்குக் கொணரப்பட்ட அவை, 1994 இல் மனிற்றோபா மாகாணத்துக்கு நன்கொடையாய் வழங்கப்பட்டு, அங்குள்ள சுவடிச்சாலையில் உள்ளன. இன்று அவற்றைப் புரட்டுவோர் தோலின் விலையை மட்டுந் தேடுவதில்லை. எந்த இளவேனிலில் ஆற்றுப்பனி எந்நாள் உடைந்தது, எந்த மாரியில் முயலின்றி எக்கோட்டை வாயிலில் எத்தனை பேர் பசித்து வந்தனர் என்பனவற்றையும் பக்க ஓரங்களிலுள்ள சிறு குறிப்புகளிலிருந்து ஒவ்வொன்றாய் எடுத்து எழுதிவருகின்றனர்.